ஜானகி அம்மாள்: கரும்புக்கு இனிப்பு சேர்த்தவர், காட்டைக் காக்கக் களமிறங்கியது ஏன்? பெண்களின் தாவர அறிவை உலக மேடைக்குக் கொண்டுபோன விஞ்ஞானியின் கதை

1955-ம் ஆண்டு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரம். மனிதர்களால் பூமி எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பதை விவாதிக்க உலகின் பல நாடுகளில் இருந்து சுமார் 70 அறிஞர்கள் கூடியிருந்தார்கள். பூமியின் முகத்தை மாற்றுவதில் மனிதனின் பங்கு என்பதுதான் மாநாட்டின் தலைப்பு. மனிதன் என்பதற்குத் தலைப்பில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் என்றும் ஒரு பொருள் உண்டு. அழைக்கப்பட்டவர்களின் பட்டியலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அதில் ஒரே ஒரு பெண். அவர் இந்தியாவில் இருந்து போயிருந்தார். பெயர் ஜானகி அம்மாள், வயது 57.

அணை, தொழிற்சாலை, அதிக விளைச்சல் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பேச எடுத்துக்கொண்டதோ, தன் குடும்பத்துக்காக மட்டும் பயிர் செய்யும் சாதாரண இந்தியக் குடும்பங்களைப் பற்றி. பழங்குடியினர் வளர்க்கும் செடிகள், வீட்டுச் செடிகொடிகளை நிர்வகிக்கும் பெண்கள் பற்றி.

செல்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு விஞ்ஞானி ஏன் இதைப் பேசினார்? அவர் சொன்னது இன்றைக்கும் ஏன் முக்கியம்?

யார் இந்த ஜானகி அம்மாள்?

எடவலத் கக்காட் ஜானகி அம்மாள் 1897-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி தலசேரியில் பிறந்தார். இன்று கேரளாவில் இருக்கும் அந்த ஊர், அப்போது மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் பகுதியில் இருந்தது.

அப்பா கிருஷ்ணன் ஒரு சார்பு நீதிபதி. கோர்ட் வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்குச் செடியும் பறவையும்தான். வீட்டில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். வட மலபார் பறவைகளைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அந்தத் தோட்டம்தான் ஜானகியின் முதல் பள்ளிக்கூடம்.

குடும்பம் ரொம்பப் பெரியது. கூடப்பிறந்தவர்களே நிறையப் பேர். அக்கா தங்கைகளுக்கு வரிசையாகக் கல்யாணம் நடந்தது. தன் முறை வந்தபோது ஜானகி கல்யாணம் வேண்டாம், படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்தார். 1911 மக்கள் தொகைக் கணக்குப்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 1 சதவீதம்தான். அந்தக் காலத்தில் எடுத்த முடிவு அது.

அவர் பிறந்த தீயர் சமூகம் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்தது. அதே நேரம், வட மலபாரில் அந்தச் சமூகம் தாய்வழி முறையைப் பின்பற்றியது. இந்த இரண்டு விஷயங்களும் அவருடைய வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்து வந்தன.

தாய்வழி முறை என்றால் என்ன?

மலபாரில் இதற்கு மருமக்கத்தாயம் என்று பெயர். குடும்பம் அம்மா வழியாக அறியப்படும். சொத்து அம்மாவின் வழியில் போகும். வீடு, நிலம், தோட்டம், அதில் நிற்கும் பலா, மா, மிளகுக்கொடி எல்லாமே அந்தத் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம்.

அப்போ பெண்கள்தான் அங்கே ராஜ்ஜியம் நடத்தினார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான வீடுகளில் நிர்வாகப் பொறுப்பு காரணவர் எனப்படும் மூத்த ஆணிடம், அதாவது தாய்மாமன் முறையில் இருப்பவரிடம் இருந்தது. ஆனாலும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய், பழைய தோட்டத்தை மறந்துவிட வேண்டிய நிலை அங்கே பல பெண்களுக்கு இல்லை. பாட்டி நட்ட மரத்தடியிலேயே பேத்தியும் வளர்ந்தாள். எந்தச் செடி எங்கே வரும், எதை எப்போது பறிக்கலாம் என்ற விவரம் அம்மாவிடம் இருந்து மகளுக்குக் கைமாறியது.

இந்தப் பின்னணி இருந்ததால், பிற்காலத்தில் பெண்களைச் செடிகளின் நிர்வாகிகளாகப் பார்ப்பது ஜானகிக்குப் புதிய கோட்பாடாகத் தோன்றியிருக்காது. அவர் பிறந்து வளர்ந்த ஊரின் நடைமுறையே அதுதான்.

மெட்ராஸில் இருந்து மிச்சிகனுக்கு

தலசேரியில் பள்ளிப்படிப்பை முடித்த ஜானகி மெட்ராஸுக்கு வந்தார. ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார்.

ஆசிய நாட்டுப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1924-ல் கப்பலேறினார். பட்டுப்புடவையும் நீண்ட கூந்தலுமாக இறங்கியவரை அதிகாரிகள் இந்திய இளவரசி என்று நினைத்துவிட்டார்கள், அவரும் அதை மறுக்கவில்லை என்று ஒரு கதை உண்டு.

மிச்சிகனில் அவர் கற்றது செல் மரபியல். செடியின் செல்லுக்குள் எத்தனை குரோமோசோம்கள் இருக்கின்றன, இரண்டு வகைச் செடிகளைக் கலந்தால் அவை எப்படிச் சேரும் என்று நுண்ணோக்கி வழியாகப் பார்க்கும் படிப்பு. அங்கே அவர் உருவாக்கிய ஒரு கலப்பினக் கத்தரிக்காய்க்கு ஜானகி கத்தரி என்றே பெயர் வந்தது. 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்று கருதப்படுகிறார்.

கோவையில் கரும்பும் நாணலும்

ஊர் திரும்பி, திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் விஞ்ஞானியாகச் சேர்ந்தார்.

1912-ல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்துக்கு ஒரு பெரிய சவால் இருந்தது. சாறு அதிகமுள்ள தடித்த கரும்பு வகையின் பூர்வீகம் நியூ கினி பக்கம். இனிப்பு அதிகம்தான், ஆனா வட இந்தியக் குளிரையும் நோயையும் அதனால் தாங்க முடியவில்லை. நம்ம மண்ணில் தானாக வளரும் உறவுக்காரச் செடி ஒன்று உண்டு. ஆற்றங்கரையிலும் ஓடை ஓரத்திலும் வெள்ளைப் பூவோடு அசையும் நாணல். கடித்தால் இனிப்பு இருக்காது, ஆனால் எதையும் தாங்கும்.

இரண்டையும் சேர்த்தால்? கோவையில் ஏற்கெனவே அந்த வேலை தொடங்கியிருந்தது. 1918-லேயே கோ 205 என்ற கலப்பினக் கரும்பு விவசாயிகளிடம் போயிருந்தது. எந்தக் கலப்பு நிற்கும், எது நிற்காது என்பதைக் குரோமோசோம் அளவில் புரிய வைப்பதுதான் ஜானகியின் பங்கு. தடித்த கரும்பில் பொதுவாக 80 குரோமோசோம்கள். நாணலில் வகைக்கு வகை மாறும், 40-ல் இருந்து 128 வரை போகும். கரும்பை மக்காச்சோளத்தோடும், மூங்கிலோடும், வேறு புற்களோடும்கூடக் கலந்து பார்த்தார்.

நாணல் இந்தியத் துணைக்கண்டம் முழுக்க எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்ந்து, அதன் பூர்வீகம் இந்தியாதான் என்று காட்டினார். இங்கேதான் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. சர்க்கரை ஆலைக்குப் பயன்படாத, யாரும் விதைக்காத ஒரு புல்தான் நாட்டின் கரும்புக்கு உயிர்ச்சத்து கொடுத்தது. காட்டுச்செடியை வீண் என்று அழித்திருந்தால் அந்தக் கரும்பும் இல்லை.

1934-ல் சர் சி.வி.ராமன் இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஜானகியை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார். ஆனால் கோவையில் நிலைமை வேறு. கல்யாணமாகாத பெண், அதுவும் கீழே வைக்கப்பட்ட சாதியில் இருந்து வந்தவர். உடன் வேலை பார்த்த ஆண்கள் அவரைச் சமமாக ஏற்கவில்லை என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1939-ல் அவர் கோவையை விட்டுக் கிளம்பினார்.

குண்டுவீச்சுக்கு நடுவே குரோமோசோம்

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். அந்த நேரத்தில்தான் இரண்டாம் உலகப்போர் வெடித்தது. திரும்ப வழியில்லை. லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும். கட்டிலுக்கு அடியில் பதுங்குவார். காலையில் அலமாரியில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அப்படி உருவானதுதான், சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் அவர் வெளியிட்ட பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸ். மனிதர்கள் பயிரிடும் ஆயிரக்கணக்கான செடிகளின் குரோமோசோம் கணக்கு அதில் இருக்கிறது.

இந்த வேலை அவருடைய பார்வையையே மாற்றியது. ஒரு பயிர் எங்கே பிறந்தது, எந்த வழியாகப் பயணித்தது என்று தேடினால், அந்தப் பாதை நெடுக மனிதர்கள் நிற்கிறார்கள். யாரோ விதையைத் தேர்ந்தெடுத்து, பத்திரப்படுத்தி, இன்னொரு ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களில் யாருடைய பெயரும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அடுத்து, விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை. அங்கே சம்பளத்தோடு நியமிக்கப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர்தான். அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களில் ஒரு வகை இன்றும் ஜானகி அம்மாள் என்ற பெயரோடு பூக்கிறது.

நேருவின் அழைப்பும் ஒரு ஏமாற்றமும்

1951-ல் பிரதமர் நேரு நேரடியாக அவரை அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. 1890-ல் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய அமைப்பு அது. இந்தியக் காடுகளில் சேகரித்த செடிகளின் மாதிரிகளில் பெரும்பகுதி லண்டன் அருகே இருக்கும் கியூ தோட்டம் போன்ற இடங்களில் போய்ச் சேர்ந்திருந்தது. தன் நாட்டுச் செடியைப் பார்க்க இந்திய மாணவர் லண்டனுக்குப் போக வேண்டிய நிலை.

இந்தியச் செடிகளை இந்தியர்களே, இந்திய மண்ணிலேயே படிக்க வேண்டும் என்பது ஜானகியின் எண்ணம். ஆனா நடந்தது வேறு. 1954-ல் ஹெர்மனெகில்ட் சாந்தாபாவ் என்ற ஐரோப்பியர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஆட்சி மாறியும் கியூவின் பிடி போகவில்லையே என்ற வேதனையை ஜானகி தன் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் கொட்டியிருக்கிறார். பின்னர் அலகாபாத்தில் இருந்த மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

எரிந்துபோன ஒரு மரம்

1950-களில் நாடு முழுக்கச் சுற்றியபோது அவர் பார்த்த காட்சிகள் அவரைக் கலங்க வைத்தன.

1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்துபோயிருந்தார்கள். அதனால் அதிக உணவு விளைவிப்போம் என்ற இயக்கத்தை அரசு வேகமாக நடத்தியது. நோக்கத்தில் தவறு சொல்ல முடியாது. பசி உண்மையானது. ஆனால் காடுகளும் புதர்க்காடுகளும் நெல், கோதுமை வயல்களாக மாறின. காட்டை நம்பி வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு முறை ஷில்லாங்கில் இருந்து 37 மைல் தள்ளி ஒரு மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார். அந்தப் பகுதியில் அந்த வகையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். போய்ப் பார்த்தால் மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது.

அவருக்கு இது வெறும் ஒரு மரம் அல்ல. குளிரும் ஈரமும் சேர்ந்த வடகிழக்கு இமயமலைப் பகுதியில், குளிரும் வறட்சியும் உள்ள வடமேற்கைவிட அதிக வேகத்தில் புதுத் தாவர இனங்கள் உருவாகின்றன என்று அவர் ஆராய்ச்சியில் காட்டியிருந்தார். சீன, மலேயத் தாவரங்கள் இந்தியத் தாவரங்களைச் சந்திக்கும் இடம் அது. இயற்கையே நடத்தும் கலப்பின நிலையம் என்று சொல்லலாம்.

இன்னொரு விஷயம். ஷில்லாங்கைச் சுற்றி வாழும் காசி மக்களும் தாய்வழிச் சமூகம்தான். அங்கே கடைசி மகளுக்குத்தான் பூர்வீக வீடு போகும். தெய்வத்துக்கென்று விட்ட கோயில்காடுகளில் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது என்ற வழக்கமும் அங்கே உண்டு. மலபாரின் பாம்புக்காவுகளும், தமிழகத்தின் கோயில்காடுகளும் இதே வகையைச் சேர்ந்தவைதான்.

பிரின்ஸ்டனில் அவர் சொன்னது என்ன?

இத்தனை அனுபவத்தோடுதான் அவர் 1955 மாநாட்டுக்குப் போனார். அவருடைய கட்டுரையின் பொருள், இந்தியாவின் தற்சார்பு வேளாண் பொருளாதாரம். விற்பதற்காக இல்லாமல், தன் வீட்டுத் தேவைக்காகச் செய்யும் விவசாயம்.

அவர் வலியுறுத்தியதைச் சுருக்கமாகச் சொன்னால் மூன்று விஷயங்கள்.

ஒன்று, பழங்குடிப் பண்பாடுகளும் அவர்கள் வளர்க்கும் உள்ளூர்ச் செடிகளும் நாட்டின் சொத்து.

இரண்டு, இந்தியாவின் தாய்வழி மரபுகள் பெண்களைச் சொத்தின் நிர்வாகிகளாக மதித்தன. குடும்பத்தின் செடிகளும் அந்தச் சொத்தில் அடக்கம்.

மூன்று, தானியங்களை மட்டும் பெருமளவில் விளைவிக்கும் வேகத்தில் இவை எல்லாமே ஆபத்தில் இருக்கின்றன.

சூழலியல் என்ற சொல்லே சாதாரண மக்களிடம் புழக்கத்துக்கு வராத காலம் அது. ரேச்சல் கார்சனின் மௌன வசந்தம் புத்தகம் வெளிவரவே இன்னும் 7 ஆண்டுகள் இருந்தன. இமயமலையில் சிப்கோ இயக்கப் பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்தது 1970-களில்தான்.

களையா, கீரையா?

பெண்களின் தாவர அறிவு என்றால் என்ன? பெண்ணாகப் பிறந்தாலே வந்துவிடும் ஏதோ மந்திரசக்தியா? இல்லை. அது செய்யும் வேலையில் இருந்து வரும் அறிவு.

ஜானகி வேலை பார்த்த கொங்குப் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். சோளக்காட்டில் களை எடுப்பது காலங்காலமாகப் பெண்களின் வேலை. களை பிடுங்கும்போதே பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை என்று தனித்தனியாகப் பார்த்து மடியில் கட்டிக்கொள்வார்கள். அன்றைய குழம்பு அதுதான். வேளாண் அலுவலகக் கணக்கில் இவை எல்லாமே களை. வீட்டுக் கணக்கில் இவை காசு கொடுக்காமல் கிடைக்கும் சத்துணவு. வயலில் களைக்கொல்லி அடித்தால் அலுவலகக் கணக்கில் லாபம் கூடும், சட்டியில் கீரை குறையும். இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. காரணம், அந்தக் கீரை சந்தைக்கே வந்ததில்லை.

விதையும் அப்படித்தான். அடுத்த வருஷத்துக்கு எந்தக் கதிர், எந்தக் காய் என்று பார்த்து ஒதுக்கி வைப்பதில் வீட்டுப் பெண்களின் கை பெரியது. பூசணி, சுரை விதைகளைச் சாண வறட்டியில் பதித்துக் காய வைப்பது, பயறு விதையைச் சாம்பலில் புரட்டுவது, சுரைக்குடுக்கையில் அடைத்துக் கட்டித் தொங்கவிடுவது, வேப்பிலை போட்டு வைப்பது என்று எத்தனையோ முறைகள். ஆய்வகத்தில் விதை வங்கி என்று சொல்வதை அடுப்படி மூலையில் நடத்தினார்கள்.

கேரளாவின் வயநாட்டில் பணியர் பழங்குடிப் பெண்கள் நெல்வயல் ஓரங்களில் பறிக்கும் கீரைவகைகள் ஏராளம். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டும் பழங்குடி மக்கள், கிழங்கை எடுத்துவிட்டுக் கொடியோடு இருக்கும் தலைப்பகுதியை மறுபடி குழியில் வைத்து மண் மூடுவது உண்டு. அடுத்த மழைக்கு அது திரும்ப முளைக்கும். எடுப்பதும் பாதுகாப்பதும் அங்கே ஒரே வேலை. கத்தரி, ஊமத்தையோடு காட்டு வள்ளிக்கிழங்கு குடும்பத்தின் குரோமோசோம்களையும் ஜானகி ஆராய்ந்திருக்கிறார்.

ஆனால் அறிவு இருக்கும் இடத்தில் அதிகாரமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. விதையைப் பாதுகாப்பவர் பெண், பட்டாவில் இருப்பது பெரும்பாலும் ஆணின் பெயர். காட்டை அறிந்தவர் பழங்குடி, கையெழுத்துப் போடுவது அதிகாரி. என்ன பயிர் போடுவது, எந்த மரத்தை வெட்டுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் தெரிந்தவர்களுக்கு நாற்காலி இருக்காது. பிரச்சினையின் மையம் இதுதான்.

ஜானகியின் சொந்த வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. உலகமே மதித்த விஞ்ஞானி. ஆனா கோவையிலும், பிறகு தாவரவியல் ஆய்வகத்திலும் கடைசி முடிவு அவர் கையில் இல்லை.

80 வயதில் ஒரு போராட்டம்

ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடம், டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பல இடங்களில் வேலை பார்த்தார். நாட்டின் ஒதுக்குப்புறமான பகுதிகளுக்குப் போய், அங்குள்ள பூர்வகுடிகளின் தாவர அறிவைத் தேடினார். மக்களுக்கும் செடிகளுக்கும் உள்ள உறவைப் படிக்கும் இத்துறைக்கு இந்தியாவில் பாதை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

1970-ல் சென்னைக்கே வந்துவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மதுரவாயலில் இருந்த அதன் களஆய்வுக்கூடத்தில் வேலை. ஆசை என்று பார்த்தால் மூலிகைச் செடிகளும் பூனைகளும்தான். மஞ்சள் புடவை, எளிமையான காந்திய வாழ்க்கை.

அந்த நேரத்தில்தான் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் சைலண்ட் வேலி பிரச்சினை கிளம்பியது. குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி நீர்மின்சாரம் எடுக்கும் திட்டம் அது. 1973-ல் திட்டக்குழு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 8.3 சதுர கிலோமீட்டர் மழைக்காடு தண்ணீரில் மூழ்கும். சிங்கவால் குரங்கின் முக்கியமான வாழிடமே பாதிக்கப்படும் என்று எதிர்ப்பு எழுந்தது.

மின்சாரம் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. மலபாரில் மின்தட்டுப்பாடும் வேலையின்மையும் இருந்தன. காட்டின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் கேள்வி. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் மக்களிடம் அறிவியலை எடுத்துச் சென்றது. கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் எழுத்தால் போராடினார்கள். 80 வயதைத் தாண்டிய ஜானகி தன் பழைய ஆயுதத்தையே எடுத்தார். பள்ளத்தாக்கில் உள்ள தாவரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பு. மூழ்கப்போவது வெறும் மரக்கட்டை அல்ல, திரும்ப உருவாக்கவே முடியாத மரபுச் செல்வம் என்று காட்டும் முயற்சி அது.

1983-ல் மத்திய அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1984 பிப்ரவரி 7-ம் தேதி, மதுரவாயலில் ஆய்வு வேலைக்கு நடுவிலேயே ஜானகி அம்மாள் காலமானார். அப்போது வயது 86. அதே ஆண்டு நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை.

இன்று நிலைமை என்ன?

ஜானகி 1955-ல் பேசிய விஷயங்கள் மெதுவாகச் சட்டத்துக்குள் வந்திருக்கின்றன.

1992-ல் உருவான சர்வதேச உயிர்ப்பன்மை ஒப்பந்தம், இயற்கையைக் காப்பதில் பெண்களின் பங்கு இன்றியமையாதது என்று முன்னுரையிலேயே சொல்கிறது. பூர்வகுடிகளின் பாரம்பரிய அறிவை மதிக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

இந்தியாவில் 2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, அந்த ஊரின் செடி, கொடி, விதை, மருத்துவ அறிவு எல்லாவற்றையும் மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும்.

2006 வன உரிமைச் சட்டத்தின்படி, திருமணமானவர்களுக்கு வழங்கும் நிலஉரிமையில் கணவன், மனைவி இருவர் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். காட்டைப் பற்றிய முடிவுகளில் கிராம சபைக்கும் இடம் உண்டு.

தாளில் இருப்பது சரி. நடைமுறையில் பதிவேட்டை எழுத வருபவர் யாரிடம் கேட்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஊர்ப் பெரிய மனிதர்களிடம் மட்டும் கேட்டு எழுதினால், களைக்காட்டில் மடியில் கட்டிய கீரை அதில் வராது. அது தெரிந்த பாட்டி போய்விட்டால், செடி நின்றாலும் அதன் பெயரும் பயனும் போய்விடும்.

அவர் பெயரில் என்னென்ன இருக்கின்றன?

1956-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகைப்பாட்டியலுக்கு அவர் பெயரில் தேசிய விருது வழங்குகிறது. ஜம்முவில் உள்ள ஓர் உலர்தாவரச் சேகரிப்பகம் அவர் பெயரைத் தாங்குகிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் ஒரு தம்பதி, தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜாவுக்கு ஜானகி அம்மாளின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அவர் வேலை பார்த்த மதுரவாயல் இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி, நெடுஞ்சாலையும் மேம்பாலமுமாக மாறிவிட்டது. கொங்கு நாட்டில் சோளக்காடு இருக்கும் ஊர்களில் தொய்யக்கீரையைப் பார்த்ததும் அடையாளம் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். போய்க் கேட்பதற்கு இப்போதும் நேரம் இருக்கிறது.